ஒரு கிரவுண்டு மனையில் மழைநீரைத் தங்கவைப்பது எப்படி?

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும் என்பதால், வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 50 மி.மீ. கொட்டும்போது அம்மனையில் மட்டும் 11,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது வாசலோரம் ஜல்லி நிரப்பிய ஒற்றைக் குழியோடு நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஜல்லிகளுக்கு இடையே கிடைக்கும் வெற்றிடம் சுமார் 40 விழுக்காடுதான் என்பதால், ஒரே நேரத்தில் அதில் 600 லிட்டரே நிற்கும். எஞ்சியது தெருவுக்குப் போகிறது. ஆகவே நீரை விழுந்த இடத்திலேயே பல சிறு அமைப்புகளில் பிரித்துத் தேக்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் உருப்பெற்ற குறைந்த தாக்க மேம்பாட்டு முறையின் அடிப்படையும் இதுவே.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுமுறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் அது விரைவாக இறங்கும்; களிமண்ணில் மிக மெதுவாக இறங்கும். களிமண்ணாக இருந்தால் அமைப்புகளின் பரப்பைக் கூட்டுங்கள்.

மொட்டை மாடி நீரே மிகத் தூய்மையானது. முதல் ஓரிரு மில்லிமீட்டர் மழையைத் தூசியோடு வெளியேற்றிவிட்டு, மீதியை வடிகட்டும் தொட்டி வழியாகச் சம்ப்புக்கும் (நிலத்தடித் தொட்டி), அது நிரம்பியபின் திறந்த கிணற்றுக்கும் அனுப்புங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள தரையில்தான் பெரும்பாலோர் மழைநீரை இழக்கிறார்கள். பேவர் பிளாக் பதித்துவிட்டோம், நீர் இறங்கிவிடும் என்று நம்புவது போதாது. அடியில் கான்கிரீட் போட்டு, இடைவெளிகளில் சிமெண்டோ கல்தூளோ நிரப்பினால் அதுவும் சிமெண்ட் தரையே. மண்ணை அளவுக்கு மீறி இறுக்காமல், அதன்மேல் 20 செ.மீ. கனத்துக்குத் தூளில்லாத 40 மி.மீ., 20 மி.மீ. ஜல்லியைப் பரப்பி, மேலே சிப்ஸ் எனப்படும் சிறு ஜல்லி இட்டு, இடைவெளி விட்டுக் கற்களைப் பதித்து, அந்த இடைவெளிகளிலும் சிப்ஸ் ஜல்லியையே நிரப்பச் சொல்லுங்கள். இவ்வாறு 40 சதுர மீட்டர் அமைத்தால், அடியிலுள்ள ஜல்லிப் படுகை மட்டுமே 3,200 லிட்டர் நீரைத் தாங்கும். கொத்தனார் வழக்கப்படி கான்கிரீட் போட முனைவார் என்பதால், வேலை நடக்கும்போது உடனிருப்பது நல்லது.

தோட்டத்தைத் தரையைவிட உயர்த்திக் கரை கட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். பத்து சதுர மீட்டர் நிலத்தை 15 செ.மீ. தாழ்த்தினாலே 1,500 லிட்டர் தேங்கும். மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணிட்டு, ஈரத்தையும் வெயிலையும் தாங்கும் வெட்டிவேர், கல்வாழை போன்றவற்றை நடுங்கள். இப்பள்ளம் அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் அருகில் வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், தேங்கிய நீர் இரண்டு நாளுக்குள் வடிய வேண்டும். வடியாவிட்டால் அடியில் துளையிட்ட குழாய் பதியுங்கள்.

பெருமழையில் எல்லாமே நிரம்பும். ஒவ்வோர் அமைப்பின் மேல்மட்டத்திலும் வழிந்தோடும் குழாய் வைத்து மழைநீர் வடிகாலில் இணையுங்கள். கழிவுநீர்க் குழாயில் ஒருபோதும் இணைக்காதீர்கள், ஏனெனில் அது நிரம்பி, தெருவில் தாழ்வான இடத்திலுள்ள வீடுகளில் எதிர்த்து வந்து பொங்கும். நிலத்தடி நீர்மட்டம் கார்த்திகையில் தரையை ஒட்டி வரும் இடங்களில் உறிஞ்சுகுழிக்குச் செலவிடுவதைவிடச் சம்ப்பைப் பெரிதாக்குவதே பயன் தரும். புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, வடிகட்டியைக் கழுவி, கற்களின் இடையே அடைந்த மண்ணை அகற்றிப் புதுச் சிப்ஸ் இடுங்கள்.