கடலூர்க் கடலின் கலங்கலைச் செயற்கைக்கோள் படத்தில் அளப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் பெருக்கெடுத்தால் தேவனாம்பட்டினம் கடல் செம்மண் நிறமாகிவிடும். அந்த வண்டல் எவ்வளவு, எதுவரை போகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம், செலவே இல்லை.

முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, கடலூரைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றை இறக்குங்கள். மேகம் குறைவான நாளாக இருக்கட்டும். வெள்ளத்துக்கு மறுநாளே படம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மழை மேகத்தைத் தாண்டி இந்தக் கேமராவால் பார்க்க முடியாது. லெவல்-1சி, லெவல்-2ஏ என்று இரண்டு வகை இருக்கும். 1சி-யை எடுங்கள். 2ஏ-யில் காற்றுமண்டலத் திருத்தம் (நடுவில் உள்ள காற்று சிதறடித்த ஒளியைக் கழிப்பது) ஏற்கெனவே செய்திருப்பார்கள்தான், ஆனால் அது நிலத்தை மனதில் வைத்துச் செய்தது.

நான் 2ஏ-யில்தான் தொடங்கினேன், அங்கேதான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். 2021 பிப்ரவரி படத்தில் சரியாக இருந்த கடல், 2023 பிப்ரவரி படத்தில் ஆற்று வெள்ளம் போலக் காட்டியது. துறைமுகத்தில் ஏதாவது தூர்வாரினார்களா என்றுகூடத் தேடினேன். காரணம் வேறு. 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் 10,000-ஆல் வகுக்க வேண்டும், அப்போதுதான் பிரதிபலிப்பு, அதாவது விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பது, கிடைக்கும். வயலுக்கோ கட்டடத்துக்கோ பார்த்தால் இந்தப் பிழை அவ்வளவு உறுத்தாது, கடல் இருட்டான பரப்பு என்பதால் எல்லாமே தலைகீழாகிவிடும். கீழே வரும் சூத்திரப்படி, நீரின் பிரதிபலிப்பு 0.01 என்றால் லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் வண்டல், கழிக்க மறந்தால் அதுவே 0.11 ஆகி 108 மில்லிகிராம் காட்டும்!

சரி, அடுத்து 1சி படத்துக்குக் காற்றுமண்டலத் திருத்தம். ஸ்நாப் மென்பொருளிலும் செய்யலாம், ஆனால் கலங்கிய கரையோரத்துக்கு நான் அகோலைட் என்ற மென்பொருளைத்தான் சொல்வேன். பெல்ஜியத்தில் இதற்காகவே உருவாக்கியது, இலவசம். புதிய வெர்ஷனை இறக்குங்கள், அந்த 1000-ஐ அதுவே கழித்துக்கொள்ளும். எல்லையாக 11.6, 79.7, 12.0, 80.0 கொடுங்கள் (தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசை), புதுச்சேரியும் சேர்ந்து வரும்.

பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, 665 நானோமீட்டர் சிவப்பு பேண்டில் (சிவப்பு ஒளியை மட்டும் பதிந்த அடுக்கு) நேச்சாட் என்ற ஆய்வாளரின் சூத்திரத்தைப் போடுங்கள்:

வண்டல் = 355.85 × ரோ ÷ (1 − ரோ ÷ 0.1728)

ரோ என்பது நீரின் பிரதிபலிப்பு, விடை லிட்டருக்கு மில்லிகிராமில் வரும். முகத்துவாரத்தில் ரோ 0.17-ஐ நெருங்கினால் சூத்திரம் உடைந்துவிடும், அங்கே அகச்சிவப்பு பேண்டுக்கும் அதற்குரிய கெழுக்களுக்கும் (355.85, 0.1728 ஆகியவற்றுக்குப் பதில் வரும் எண்கள்) மாறுங்கள். அலை உடையும் இடத்தில் நுரையும் மணலும் கலந்து பொய்க் கணக்கு வரும், கரையை ஒட்டிய இரண்டு மூன்று பிக்சலை வெட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவர், தனக்கு எல்லாமே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வருகிறது என்று எழுதியிருந்தார். அகோலைட் தரும் ஆர்ஆர்எஸ் (Rrs) பேண்டை, அதாவது நீரின் பிரதிபலிப்பை வேறு அலகில் சொல்லும் அடுக்கை, அப்படியே ரோ என்று போட்டிருக்கிறார். அதைப் பையால், அதாவது 3.1416-ஆல், பெருக்க வேண்டும்.

இன்னொருவர் படத்தை நம்பலாமா என்று கேட்டிருந்தார். இந்த சூத்திரம் நம் கடலில் உருவானதல்ல, அதனால் செயற்கைக்கோள் கடக்கும் காலை பத்தரை மணி வாக்கில் படகில் போய் ஒரு லிட்டர் நீர் எடுத்து, முன்பே எடைபோட்ட கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, உலர்த்தி, மறுபடி எடைபோட்டு ஒப்பிடுங்கள். உலர்த்தும் முன் வடிதாளைக் காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் உப்பையும் வண்டலோடு சேர்த்து எடைபோட்டுவிடுவீர்கள்.