பெய்லிஃப் வாசலில் நின்றால்

லண்டனில் வீடு மாறியபோது லைசென்ஸில் விலாசம் மாற்ற மறந்துவிட்டேன். கார் இன்சூரன்ஸ் வழக்குக் கடிதமெல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. எனக்கு வந்த முதல் தகவல், காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டிய பெய்லிஃப்தான், அதாவது கட்டாத அபராதத்தையும் பாக்கியையும் வசூலிக்க வரும் ஆள்.

"திறக்காதையும், அவையளால ஒண்டும் செய்யேலாது" என்றார் மச்சான் போனில். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பாக்கி என்றால், கதவை உடைத்து வர முடியாது என்ற அளவில் அந்தப் பேச்சு சரி. ஆனால் என்னுடையதைப் போன்ற மஜிஸ்ட்ரேட் கோர்ட் அபராதத்துக்கு, கடைசி வழியாகக் கதவை உடைத்தும் உள்ளே வர அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நான் கதவைச் சாத்தியபடியே கடிதத் துவாரத்தால் அடையாள அட்டையும் வாரண்டும் கேட்டேன். கோர்ட்டின் பெயரையும் வழக்கு எண்ணையும் பால் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். காரைத் தெருவில் விட்டிருந்தால் சக்கரத்துக்கு கிளாம்ப் (பூட்டு) போட்டிருப்பார்கள்.

வழக்கே தெரியாதவர்கள் பெய்லிஃபிடம் தவணை பேச அவசரப்பட வேண்டாம். கோர்ட்டுக்கு போன் செய்து, ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், அதாவது வழக்கு எனக்குத் தெரியாது என்ற சத்திய வாக்குமூலம், கொடுக்க நாள் கேளுங்கள். தெரியவந்து 21 நாளுக்குள் செய்ய வேண்டும். சத்தியம் செய்து கொடுத்ததும் தீர்ப்பு செல்லாது. வழக்கு முதலிலிருந்து தொடங்கும். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம், விளையாட வேண்டாம்.

தெரிந்தே கட்டாமல் விட்டவர்கள் முதல் கடிதத்திலேயே பேசிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெய்லிஃப் கட்டணம் ஏறும்: 2014 விதி வந்தபோது கடிதத்துக்கு 75 பவுண்ட். ஆள் வாசலுக்கு வந்தால் மேலும் 235 ஆக இருந்தது.