பழைய சப்வூஃபர் சத்தம் நின்னு போச்சா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

வருஷக்கணக்கா நல்லா ஓடிட்டிருந்த பவர்டு சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்குற, உள்ளயே ஆம்ப்ளிஃபையர் வச்ச ஸ்பீக்கர் பெட்டி) திடீர்னு ஊமையாயிட்டாலோ, ஆன் பண்ணதும் "ம்ம்ம்"னு இரைய ஆரம்பிச்சாலோ உடனே புதுசு வாங்கக் கிளம்பிடாதீங்க. பெட்டிக்குள்ள ஒரு ஸ்பீக்கர், பின்பக்கத் தகட்டுல ஒரு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், மொத்தமே அவ்ளோதான், இதுல எது போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல்ல வெளியில பாருங்க

பின்னாடி ஆட்டோ, ஆன்னு ஒரு சுவிட்ச் இருந்தா அத ஆன்ல வைங்க, வயசான ஆம்ப்கள்ல இந்த ஆட்டோ சர்க்யூட்தான் அடிக்கடி மக்கர் பண்ணும், சிக்னல் வந்தாலும் முழிக்காது. அப்புறம் கேபிள மாத்திப் பாருங்க, சப்வூஃபருக்கு சிக்னல் அனுப்புற ரிசீவரோட செட்டிங்ல சப்வூஃபர் ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

இரைச்சல்தான் பிரச்சனைன்னா வால்யூம குறைச்சிட்டு சிக்னல் வர்ற ஆர்சிஏ கேபிள கழட்டுங்க, திரும்ப வால்யூம கொஞ்சமா ஏத்துங்க. இரைச்சல் நின்னுடுச்சுன்னா தப்பு கேபிள்லயோ எர்த் லூப்லயோ (சாமான்களோட எர்த் ஒண்ணுக்கு மேல வழியில இணைஞ்சு இரையுறது) இருக்கு. எல்லா சாமானையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகிப் பாருங்க, பெரும்பாலும் அடங்கிடும். இரைச்சல் போகணும்னு பிளக்கோட எர்த் பின்ன மட்டும் யாராச்சும் வெட்டச் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, உயிருக்கு ஆபத்து. கேபிள் இல்லாமலே இரையுதுன்னா உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் (ஆம்புக்குப் போற டிசிய சீராக்குற பெரிய கெப்பாசிட்டர்) காஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபியூஸ்

லைட்டே எரியலையா, பிளக்க உருவிட்டு ஃபியூஸ எடுத்து மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி, அதாவது கரண்ட் போற வழி அறுபடாம இருக்கான்னு பாருங்க, பார்வைக்கு நல்லா இருக்குற கண்ணாடி ஃபியூஸ் கூட போயிருக்கலாம். அதே ஆம்பியர், அதே வகைதான் போடணும், பழசு ஸ்லோ ப்ளோ (ஆன் பண்ணதும் ஒரு கணம் ஏறுற கரண்ட தாங்குற வகை)ன்னா புதுசும் ஸ்லோ ப்ளோ. போட்டதும் மறுபடி போச்சுன்னா பெரிய ஃபியூஸ் போட்டு சமாளிக்கவே கூடாது, உள்ள பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ (ஏசிய டிசியா மாத்துறது) அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும்.

திறக்கும்போது

இந்த இடத்துல அவசரமே வேண்டாம். பிளக்க உருவின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அதனால கொஞ்ச நேரம் விட்டுட்டு ஸ்க்ரூவ கழட்டி, கெப்பாசிட்டர் ரெண்டு கால்லயும் டிசி வோல்ட் அளந்து பாருங்க. மிச்சம் இருந்தா 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர இன்சுலேட்டட் ப்ளையர்ல பிடிச்சு ரெண்டு காலுக்கும் குறுக்க வச்சு இறக்குங்க, ஸ்க்ரூடிரைவர வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம எஸ்எம்பிஎஸ் போர்டு (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) இருந்தா, 230 வோல்ட் லைன்ல அதோட பிரைமரி கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி வரைக்கும் இருக்கும், புதுசா கத்துக்குறவங்க அந்த போர்ட தொடாம விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்குறதுதான் நல்லது.

ஸ்பீக்கர் நல்லா இருக்கா?

ஒயர கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. கழட்டிட்டு மீட்டர ஓம்ஸ்ல வச்சு ஸ்பீக்கரோட ரெண்டு டெர்மினல்லயும் அளங்க, 4 ஓம் ஸ்பீக்கர்னா 3லிருந்து 4க்குள்ள காட்டும், 8 ஓம்னா 6, 7 காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா கோன அசைக்கிற கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அறுந்திருக்கு, இல்ல டெர்மினல்லேருந்து கோனுக்குப் போற பின்னல் ஒயர் விட்டுருக்கு, ஒயர்னா சோல்டர் பண்ணிடலாம். 1.5 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டா கோன் டப்புனு நகரணும். ரெண்டு கையாலயும் கோன சமமா மெதுவா அமுக்குங்க, உள்ள உரசுற சத்தம் வந்தா காயில் எரிஞ்சோ கோணியோ இருக்கு. கோன சுத்தி இருக்குற ஃபோம் தொட்டா பொடிப்பொடியா உதிருதா? ஃபோம் வயசானா அப்படித்தான், ரப்பர் இவ்ளோ சீக்கிரம் போகாது. சரியான அளவுல ஃபோம் ரிங் மட்டும் வாங்கி ஒட்டிக்கலாம், ஸ்பீக்கரயே மாத்த வேண்டியதில்ல.

போர்டு

ஸ்பீக்கர் சரின்னா ஆம்ப் போர்ட நல்ல வெளிச்சத்துல பாருங்க. தலை உப்பின, அடியில கசிஞ்ச கெப்பாசிட்டர், கருகின ரெசிஸ்டர், முக்கியமா பக்கத்துல சூடாகுற ரெசிஸ்டர் இருந்தா அந்த சூட்டுலயே வெந்து போன சின்ன கெப்பாசிட்டர், இதுங்கதான் வழக்கமான குற்றவாளிங்க. பார்ட்ஸ் ஆடாம இருக்க ஃபேக்டரில ஊத்துற பசை பழுப்பாகி கெட்டியானா கரண்ட கடத்தும், பார்ட்ஸோட காலையும் அரிக்கும், அதனால பொறுமையா சுரண்டி எடுங்க. பெட்டி எந்நேரமும் அதிருறதால ட்ரை சோல்டரும் (சரியா ஒட்டாம விட்டுப்போன சோல்டர்) சகஜம், ஜாயின்ட்ட சுத்தி மெல்லிசா வளையம் மாதிரி விரிசல் தெரிஞ்சா புது ஈயம் வச்சு ஒரு தடவ உருக்குங்க.

கெப்பாசிட்டர் மாத்தும்போது மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் அதேவோ மேலயோ இருக்கலாம், குறையக்கூடாது, 105 டிகிரி ரேட்டிங் வாங்குங்க. உடம்புல கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாத்திப் போட்டா வெடிக்கும்.

ஆன் பண்றதுக்கு முன்னாடி

ஸ்பீக்கர மாட்டாம, மெயின்ஸ் லைன்ல 60 வாட் குண்டு பல்பு சீரிஸா போட்ட போர்டு வழியா முதல்ல ஆன் பண்ணுங்க, எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. பல்பு ஒரு மின்னல் மின்னிட்டு மங்கினா நல்லது, முழுசா எரிஞ்சுகிட்டே இருந்தா ஷார்ட் இன்னும் இருக்கு. பல்பு மங்கினா பிளக்க உருவிட்டு, மீட்டர டிசி வோல்ட்ல வச்சு அதோட ஒயர ஸ்பீக்கர் அவுட்ல கிளிப் போட்டு மாட்டிட்டு அப்புறம் பிளக்க சொருகுங்க, கரண்ட் ஓடும்போது கை உள்ள போகவே கூடாது. டிசி சில பத்து மில்லிவோல்ட்னா பரவால்ல, வோல்ட் கணக்குல வந்தா ஸ்பீக்கர கனெக்ட் பண்ணாதீங்க, நல்லா இருக்குற காயிலும் எரிஞ்சிடும்.

எல்லாம் சரின்னா பிளக்க உருவிட்டு ஸ்பீக்கர மாட்டுங்க, ஆம்ப் தகட்டு ஓரத்துல பழைய சீல் பிஞ்சிருந்தா புது ஃபோம் டேப் ஒட்டி ஸ்க்ரூவ முடுக்குங்க, காத்து கசிஞ்சா பேஸ் அடிக்கும்போது புஸ்ஸுபுஸ்ஸுன்னு சத்தம் வரும். அரை மணி நேரம் குறைஞ்ச வால்யூம்ல ஓடட்டும், தகடு வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத அளவு சுட்டா ஆஃப் பண்ணிட்டு போர்ட திரும்பப் பாருங்க.