கோப்பையை நவம்பரில் பார்க்கத் தொடங்குங்கள்

ஜனவரி பிறந்தால் போதும், தெரிந்த குடும்பங்களிலிருந்து தொலைபேசி வந்துவிடும். “அக்கா, மான்ஹைமில் பெண்கள் கைப்பந்து (வாலிபால்) இறுதிப்போட்டியாமே, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, டிக்கெட் எப்படி எடுப்பது?” ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் குடியிருக்கிறேன், ஆற்றைக் கடந்தால் மான்ஹைம். கல்லூரி அணியில் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, ஆடியவள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். ஆனாலும் ஜனவரியில் கேட்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இதை அக்டோபரில் கேட்டிருக்க வேண்டும். ஜெர்மன் கோப்பையின் இறுதிப்போட்டியை மட்டும் பார்ப்பது, திருவிழாவில் கடைசி நாள் தேரை மட்டும் பார்ப்பது போன்றது. தேர் அழகாகத்தான் இருக்கும். அதை இழுத்து வந்த தெருக்கள் தெரியாமல் போய்விடும்.

முதலில் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1973 முதல் நடக்கும் இந்தக் கோப்பை முழுக்க முழுக்க நாக் அவுட். ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. வட்டாரக் கோப்பைகளை வென்ற சிறிய மன்றங்கள் கீழிருந்து ஏறி வருகின்றன. முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவின் அணிகள் பதினாறு அணிகள் மோதும் சுற்றில் வந்து சேர்கின்றன. இந்தப் போட்டியின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. கீழ்நிலை அணியும் மேல்நிலை அணியும் மோதும்போது ஆட்டம் கீழ்நிலை அணியின் ஊரில்தான் நடக்கும். தேசிய அணி வீராங்கனைகள் பஸ் ஏறி ஒரு பள்ளிக்கூட உள்ளரங்குக்கு வந்து ஆடுவார்கள்.

லீகில் 3-0 அல்லது 3-1 என்ற செட் கணக்கில் வென்றால் மூன்று புள்ளிகள். 3-2 என்று வென்றால் இரண்டு, தோற்ற அணிக்கும் ஒன்று. கோப்பையில் அந்தக் கணக்கே கிடையாது. ஐந்தாவது செட்டை 15-13 என்று இழந்த அணிக்கு ஆறுதலுக்கு ஒரு புள்ளி கூட இல்லை. இந்தக் கடுமைதான் ஆட்டத்தின் நிறத்தையே மாற்றுகிறது.

ஆகவே அக்டோபரில் அட்டவணையைத் தேடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எந்தச் சின்ன அணி பெரிய அணியை எதிர்கொள்கிறது என்று பாருங்கள். நவம்பர் மாலையில் அங்கே போய்விடுங்கள். கையில் சில்லறை யூரோ இருக்கட்டும். இப்படிப்பட்ட அரங்குகளில் கேக், காப்பி, சாசேஜ் எல்லாவற்றையும் வீராங்கனைகளின் பெற்றோரே மேசை போட்டு விற்பார்கள். அட்டை வாங்கும் கருவி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தரையில் கூடைப்பந்துக்கு ஒரு நிறம், எறிபந்துக்கு (ஹேண்ட்பால்) ஒரு நிறம், பேட்மிண்டனுக்கு இன்னொரு நிறம் என்று கோடுகள் பின்னிக் கிடக்கும். எது கைப்பந்துக் கோடு என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம்.

நான் என் மகளுடன் முதன்முதலாகப் போனது இப்படி ஓர் அரங்குக்குத்தான். பெஞ்சில் மூன்றாவது வரிசை. ஆடுகளத்தின் ஓரம் எங்களிடமிருந்து நான்கு எட்டு. உள்ளூர் அணியில் ஒருத்தி காலையில் மருத்துவமனையில் பணி முடித்துவிட்டு வந்திருந்ததாகப் பக்கத்திலிருந்த அம்மாள் சொன்னார். ஆட்டம் 3-0, எதிர்பார்த்தபடியேதான். ஆனால் இரண்டாவது செட்டில் உள்ளூர் அணி 25-22 வரை வந்தது. இருபதாவது புள்ளி விழுந்தபோது அந்தச் சிறிய கூரைக்குள் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய அணியின் பயிற்சியாளர் அப்போது நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார். முப்பது விநாடி. உள்ளூர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தங்களுக்காக அவர் நிறுத்தினார் என்பதே அவர்களுக்கு ஒரு பரிசு.

அவ்வளவு அருகில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆட்டத்தைப் பார்க்கப் பழக வேண்டும். எல்லோரும் ஸ்மாஷ் அடிப்பவளைப் பார்க்கிறார்கள். அவளைக் கடைசியாகப் பாருங்கள். சர்வீஸ் வரும்போது அதை எடுப்பவளின் முன்கைகளைப் பாருங்கள். பந்து அங்கிருந்து எங்கே போகிறது? வலையை ஒட்டி, செட்டர் நகராமல் நிற்கும் இடத்துக்குப் போனால் எடுப்பு நல்ல எடுப்பு. அப்போது செட்டருக்கு எல்லா வழியும் திறந்திருக்கும்: நடுவில் குறுக்காகத் தாவும் மிடில் பிளாக்கருக்கு வேகப்பந்து, பின்னால் இருப்பவளுக்கு ஒன்று, இடது ஓரத்துக்கு ஒன்று. எதிரணித் தடுப்பாளர்கள் யாரோடு குதிப்பது என்று தவிப்பார்கள். எடுப்பு, வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் நடுவழி அடைபட்டுவிடும். செட்டர் ஓடிப்போய் உயரமாக இடது ஓரத்துக்குத் தூக்குவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. அங்கே இரண்டு பேர் கையை உயர்த்திக் காத்திருப்பார்கள். நீங்கள் பார்த்த அந்த அபாரமான பிளாக், உண்மையில் இரண்டு விநாடிக்கு முன்பே எடுப்பில் தீர்மானமாகிவிட்டது.

வேறு நிறச் சட்டை போட்டிருப்பவள் லிபரோ. அவள் பின்வரிசையில் மட்டுமே ஆடுவாள், சர்வீஸ் போடமாட்டாள், வலைக்கு மேலே அடிக்கவோ தடுக்கவோ முடியாது. பிள்ளைகள் உயரமானவர்களைத்தான் தேடுவார்கள். நீங்கள் லிபரோவைக் காட்டுங்கள். என் மகள் குள்ளம். அன்று மாலை முழுக்க அவள் லிபரோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுவாரமே ஊர் மன்றத்தில் சேர்த்துவிடச் சொன்னாள்.

அடுத்தது சுழற்சி: எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பெறும்போதெல்லாம் ஆறு பேரும் ஓர் இடம் நகர்வது. இது கடினம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: செட்டர் இப்போது முன்வரிசையிலா, பின்வரிசையிலா? பின்வரிசையில் இருந்தால் வலைக்கு அருகே அடிக்க மூன்று பேர் இருக்கிறார்கள். முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர்தான். அணிகள் தொடர்ச்சியாக நான்கைந்து புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பேர் இருக்கும் நிலையில்தான் என்பது என் நோட்டுப் புத்தகங்கள் சொல்லும் செய்தி. பயிற்சியாளர் ஒரே நேரத்தில் செட்டரையும், சுழற்சியில் அவளுக்கு நேர் எதிர் இடத்தில் இருக்கும் அடிப்பவளையும் மாற்றினால் அது இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான். ஒரு செட்டில் ஆறு மாற்றங்கள்தான் அனுமதி. இந்த இரட்டை மாற்றமும் அதைத் திருப்பி எடுப்பதும் அவற்றில் நான்கைத் தின்றுவிடும். அதை எப்போது செலவழிக்கிறார் என்பதில் பயிற்சியாளரின் குணம் தெரிந்துவிடும். (முன்வரிசையில் இருக்கும் செட்டருக்கு ஓர் உரிமை உண்டு: இரண்டாவது தொடுதலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடலாம். நான் ஆடிய நாட்களில் எனக்குப் பிடித்த ஒரே குறும்பு அதுதான்.)

நோட்டுப் புத்தகம் என்றேன் அல்லவா, அதைக் கட்டாயம் கொண்டுபோங்கள். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு செட்டுக்கு ஒரு பக்கம். நீங்கள் ஆதரிக்கும் அணியின் ஒவ்வொரு சர்வீஸ் எடுப்புக்கும் ஒரு குறி: நல்லது என்றால் கூட்டல், பரவாயில்லை என்றால் வட்டம், மோசம் என்றால் கழித்தல். பக்கத்தின் ஓரத்தில் வீணாகிய சர்வீஸ்களுக்குக் கோடுகள். வேறு எதுவும் எழுதாதீர்கள். அதிகம் எழுதினால் ஆட்டம் கைவிட்டுப் போகும். மூன்றாவது செட்டுக்குள் கூட்டல் குறிகள் குறைகின்றனவா என்று உங்களுக்கே தெரியும். ஸ்கோர் பலகை சொல்வதற்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.

காலிறுதியும் அரையிறுதியும் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இவை வாரநாள் மாலைகளில் வருவதுண்டு என்பதால் அட்டவணை வந்த நாளே விடுப்புக்கு எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால் முழுக் கோப்பையிலும் சிறந்த இரவு அரையிறுதிதான். டிரெஸ்டனின் மார்கோன் அரங்கோ, ஸ்டுட்கார்ட்டில் கால்பந்து மைதானத்தை ஒட்டியிருக்கும் ஷாரெனாவோ, எதுவும் பெரிய இடமில்லை. கூட்டம் சுவரோடு சுவராக நெருக்கி நிற்கும். இறுதிக்கு ஒரே ஓர் அடி பாக்கி. மேள ஒலி நெஞ்சில் இடிக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் காது மூடிகள் வாங்கிக்கொண்டு போங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை மேளக்காரர்களுக்கு நேர் பின்னால் டிக்கெட் எடுத்துவிட்டு, முதல் செட் முழுக்க மகளின் காதுகளை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

எந்த அணியைப் பின்தொடர்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016 முதல் 2022 வரையிலான ஏழு கோப்பைகளும் மூன்றே நகரங்களுக்குப் போயின: டிரெஸ்டனுக்கு 2016, 2018, 2020, ஸ்டுட்கார்ட்டுக்கு 2017, 2022, ஷ்வெரினுக்கு 2019, 2021. ஷ்வெரின் ஏரிகளும் அரண்மனையும் உள்ள அமைதியான மாநிலத் தலைநகரம். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அந்த ஊரின் டிராக்டர் ஷ்வெரின் மன்றம் 1978-இல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையையே வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் வெள்ளி வாங்கியதும் அதே மண்ணின் விளைச்சல்தான். இன்று கால்பந்து ஆண்டுகொண்டிருக்கும் இந்நாட்டில், கிழக்குப் பகுதியின் இந்த இரண்டு ஊர்கள், டிரெஸ்டனும் ஷ்வெரினும், பெண்கள் கைப்பந்தை மனமாரக் கொண்டாடுகின்றன. எனக்கு அது மனதுக்கு நெருக்கமானது. ஆனாலும் நீங்கள் நவம்பரில் பார்த்த சின்ன அணியைத் தோற்கடித்தது யாரோ, அவர்களையே பின்தொடருங்கள். அந்தப் பகை அடுத்த சுற்றில் பாசமாக மாறுவதை உணர்வீர்கள்.

இனி இறுதி நாள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. 2015 வரை வெஸ்ட்ஃபாலியாவின் ஹாலே என்ற ஊரில், டென்னிஸ் ஆடும் அரங்கில் நடந்தது. 2016-இலிருந்து மான்ஹைமின் எஸ்.ஏ.பி. அரங்கில். ஆண்கள் இறுதியும் பெண்கள் இறுதியும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில். எது முதலில் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு மட்டும் இருந்துவிட்டுப் புறப்படும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஆண்கள் ஆட்டத்தில் பந்து சீக்கிரம் தரையைத் தொட்டுவிடுகிறது. பெண்கள் ஆட்டத்தில் பந்து மேலும் கீழும் போய் வந்து, விழ வேண்டியது விழாமல், ஒரு புள்ளிக்குள்ளேயே ஒரு கதை நடக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

டிக்கெட்டில் இடம் தேர்வு செய்யும்போது பக்கவாட்டு இருக்கைகளுக்கு ஆசைப்படாதீர்கள். ஆடுகளத்தின் முனைக்கோட்டுக்குப் பின்னால், மேல் தளத்தில் எடுங்கள். விலையும் பெரும்பாலும் குறைவு. அங்கிருந்துதான் தடுப்புச் சுவர் எப்படி நகர்கிறது, பின்வரிசை அதற்குப் பின்னால் எப்படி விரிகிறது என்று தெரியும். ரயிலில் வருபவர்கள் மான்ஹைம் தலைமை நிலையத்திலிருந்து ஹைடல்பெர்க் பக்கம் போகும் எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலில் ஏறி, அரெனா மைமார்க்ட் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். டிராம் என்றால் ஆறாம் எண். காரை மறந்துவிடுங்கள். பெரிய பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், சிறிய பை போதும்.

உள்ளே போனதும் முதல் பத்துப் புள்ளிகளை மிகக் கூர்ந்து பாருங்கள். ஐஸ் ஹாக்கிக்கும் எறிபந்துக்கும் பழகிய அரங்கு அது. பத்தாயிரத்தைத் தாண்டிக் கூட்டம் வந்த ஆண்டுகள் உண்டு. இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கில் ஆடிப் பழகிய பெண்களுக்குச் சுவர் திடீரென்று எங்கோ தொலைவில் போய்விடுகிறது. சர்வீஸ் போடும்போதும் பந்தைத் தூக்கும்போதும் தூரத்தை அளக்கப் பின்னணியில் பிடிமானம் இல்லை. முதல் செட்டில் சர்வீஸ்கள் வலையிலும் வெளியிலும் விழுவதற்குப் பயம் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். எந்த அணி முதலில் இந்த வெட்டவெளியைப் பழகிக்கொள்கிறதோ அதன் வீணாகிய சர்வீஸ்களுக்கான கோடுகள் உங்கள் நோட்டில் முதலில் நின்றுபோகும். உங்கள் பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இருக்கைகளில் மடித்த அட்டை வைத்திருப்பார்கள். அதை விசிறிபோல் மடித்துத் தொடையில் தட்டினால் கைதட்டல் சத்தம் பெருகும். எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். 2021-இல் பார்வையாளரே இல்லாமல் இறுதிப்போட்டி நடந்தது. ஷ்வெரின் பெண்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் கோப்பையைத் தூக்கினார்கள். அதை வீட்டில் திரையில் பார்த்த எனக்கு, அந்த அட்டையைத் தட்டும் உரிமை எவ்வளவு பெரியது என்று அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தோன்றுகிறது.

ஐந்தாவது செட்டுக்குப் போனால் 15 புள்ளிதான், எட்டில் பக்கம் மாறுவார்கள். அந்த நேரத்தில் நோட்டை மூடி வைத்துவிடுங்கள்.

கோப்பை வழங்கும்வரை எழுந்திருக்காதீர்கள். தோற்ற அணி முதலில் பதக்கம் வாங்க வரும். அப்போது அரங்கில் பாதிப்பேர் வெளியேறும் வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் நவம்பரிலிருந்து இந்தக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இங்கே வந்தவர்கள். நீங்கள் உட்கார்ந்து தட்டுங்கள். அடுத்த எஸ்-பான் வந்துகொண்டே இருக்கும்.