லினக்ஸ்ல கேபிள் நெட் வரலையா? முதல்ல மோடத்த மறக்க வைங்க

பழைய விண்டோஸ் லேப்டாப்ப தம்பிக்கு குடுத்துட்டு, டெஸ்க்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டு, மோடத்துலேருந்து வர்ற லேன் வயர அதுல சொருகுனேன், நெட் வரல. கேபிள்காரருக்கு போன் பண்ணா "லினக்ஸுக்கெல்லாம் சப்போர்ட் இல்ல சார்"னு வெச்சுட்டாரு. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டதுக்கு அப்புறம் பார்த்தா லினக்ஸ் மேல தப்பே இல்ல.

1. மோடத்துல ஆன்லைன் லைட் நிலையா எரியுதா பாருங்க. மினுக்கிட்டே இருந்தா கம்ப்யூட்டர தொடவே வேணாம். சுவத்துலேருந்து வர்ற கேபிள் முனைய கையால இறுக்குங்க, டிவிக்கு பிரிச்சு விடுற ஸ்ப்ளிட்டர கழட்டிட்டு நேரா மாட்டிப் பாருங்க.

2. டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற விண்டோ) ஐபி, ஒரு ஸ்பேஸ், ஏ அடிங்க. 127.0.0.1 இருக்கறத விட்ருங்க, அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கறது. அடுத்ததுல நோ-கேரியர்னு இருந்தா வயர் சரியில்ல. ஐநெட் வரியே இல்லன்னாலோ 169.254ல ஆரம்பிச்சாலோ டிஎச்சிபி (கம்ப்யூட்டருக்கு ஐபி அட்ரஸ் தானா குடுக்கற ஏற்பாடு) கிட்டேருந்து அட்ரஸ் வரல. ஐநெட்6னு ஒரு வரி எஃப்ஈ80ல ஆரம்பிச்சு கெடக்கும், அத பாத்துட்டு "ஐபி வந்துருச்சே"னு நான் ஒரு ராத்திரிய வீணாக்குனேன், அது வயர சொருகுனாலே தானா வர்றது.

3. நான் மாட்டுன எடம் இதுதான். நெறைய கேபிள் மோடம் ஆன் ஆனதும் மொதல்ல பாக்கற மெஷினோட மேக் அட்ரஸ (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) ஞாபகம் வெச்சுக்கும், வேற மெஷின் வந்தா கண்டுக்காது. அதனால கம்ப்யூட்டர ஷட்டவுன் பண்ணுங்க, மோடத்தோட கரண்ட் வயர உருவுங்க (உள்ள பேட்டரி இருந்தா அதையும்), அஞ்சு நிமிஷம் விடுங்க. மோடத்த போட்டு ஆன்லைன் லைட் நிலையா எரிய ஆரம்பிச்சதும்தான் கம்ப்யூட்டர ஆன் பண்ணணும். சும்மா கம்ப்யூட்டர மட்டும் ரீஸ்டார்ட் பண்றது இதுக்கு ஒதவாது, நான் பத்து தடவ பண்ணியாச்சு.

அப்பவும் வரலன்னா மேக் அட்ரஸ் கம்பெனி பக்கம் பதிவாயிருக்கு. ஐபி ஏ-ல லிங்க்/ஈதர் பக்கத்துல இருக்கற ஆறு ஜோடிய போன்ல சொல்லி மாத்தச் சொல்லுங்க. இல்ல நெட்வொர்க் செட்டிங்ஸ்ல ஈதர்நெட் டேப்ல க்ளோன்டு மேக் அட்ரஸ்ங்கற எடத்துல பழைய லேப்டாப்போடத போடுங்க. ஒரே வீட்ல ரெண்டும் ஓடுனா மட்டும் இது வேணாம், முட்டிக்கும்.

4. டெர்மினல்ல பிங் 8.8.8.8 அடிங்க, அது கூகுளோட சர்வர், பதில் வருதான்னு பாக்கறதுக்கு. விண்டோஸ் மாதிரி நாலோட நிக்காது, கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்தணும். அதுக்கு பதில் வந்து, சைட் பேர போட்டா மட்டும் வரலன்னா டிஎன்எஸ்தான் (சைட் பேர ஐபி நம்பரா மாத்தற சர்வர்) பிரச்சன. நெட்வொர்க் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்ஸா 1.1.1.1 போடுங்க, ஆனா டிஎன்எஸ் அட்ரஸ் இருக்கற ரிசால்வ்.கான்ஃப் ஃபைல கையால எடிட் பண்ணாதீங்க, நெட்வொர்க் மேனேஜர் அழிச்சுரும். நான் டெர்மினல்ல என்எம்டியூஐ-ங்கற நெட்வொர்க் செட்டிங் மெனுலதான் மாத்துவேன், மௌஸே வேணாம்.

அப்டேட்: லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி அடாப்டர் போட்ட ஒருத்தருக்கு நேத்து வந்தது இன்னைக்கு வரலையாம். கமென்ட்ல பேசிப் பேசி கடைசில பாத்தா, வீட்ல ரெண்டு அடாப்டர், மாத்தி மாத்தி சொருகியிருக்காரு. மேக் அட்ரஸ் லேப்டாப்போடது இல்ல, அந்த அடாப்டரோடது. ஒண்ணுக்கு மார்க்கர்ல புள்ளி வெச்சுட்டாராம்.