டபோலிமுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

என் மகள் வாஸ்கோவில் குடியேறிய நாளிலிருந்து ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை கோவாவின் டபோலிம் விமான நிலையத்தில் இறங்குகிறேன். அங்கே ஓடுதளம் இந்தியக் கடற்படையுடையது. ஐஎன்எஸ் ஹன்சா என்ற தளத்துக்குள்தான் நம் பயணிகள் விமானங்களும் வந்து போகின்றன. அவர்கள் பொழுதைப் பார்த்துத்தான் நம் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள். டபோலிமின் குறியீடு ஜிஓஐ. வடக்கே மோபாவில் இருப்பது ஜிஓஎக்ஸ். என் அக்கா இதைக் கவனிக்காமல் மோபாவில் இறங்கிவிட்டார். நான் டபோலிம் வாசலில் காத்திருக்கிறேன், "எந்தப் பக்கம் நிற்கிறாய் தம்பி, உன்னைக் காணவில்லையே" என்று போனில் கேட்கிறார். எழுபது வயதில் தனியாக டாக்சி பிடித்து அவர் வாஸ்கோ வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. வாஸ்கோ, மட்காவ், கொல்வா போகிறவர்களுக்கு டபோலிம்தான் பக்கம். பெர்னெம், அரம்போல் என்றால் மோபா.

அடுத்தது நேரம். வார நாட்களில் காலை எட்டரை மணி வாக்கிலிருந்து நண்பகல் தாண்டும் வரை ஓடுதளத்தைக் கடற்படைப் பயிற்சிக்கு ஒதுக்குவது பல ஆண்டு வழக்கம். அதனால் பிற்பகலில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவியும். பாதுகாப்புச் சோதனை வரிசையும் நீளும். பிற்பகல் விமானம் என்றால் நான் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். காலையில்தான் போயாக வேண்டும் என்றால் சனி, ஞாயிறு பாருங்கள்.

இணைப்பு விமானத்துக்கு நெருக்கமாக டிக்கெட் எடுக்காதீர்கள். இருப்பது ஒரே ஓடுதளம். 2018 ஜனவரி 3 அன்று மிக்-29கே போர் விமானம் ஒன்று புறப்படும்போது ஓடுதளத்தை விட்டு விலகித் தீப்பற்றியது. பயிற்சி விமானி உயிர் தப்பினார். ஆனால் பயணிகள் விமானங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

அந்தக் காலைப் பயிற்சியைத் தொல்லையாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைப் போலவே நுனி மேல்நோக்கி வளைந்த ஓடுபாதை ஒன்று தளத்துக்குள் இருக்கிறது. கடலில் செய்யப்போவதை விமானிகள் முதலில் அங்கே பழகுகிறார்கள். மகள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போது மிக் எழும்பினால், முதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும். தேநீரின் மேல் சிறு வளையங்கள் தோன்றும். அதற்குப் பிறகுதான் ஓசை காதை அடைக்கும். பேத்தி பேச்சை நிறுத்திவிட்டு, அது கடலுக்குமேல் போய் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

நான் சூலூர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹன்சா 1961இல் தொடங்கப்பட்டது எங்கள் சூலூரில்தான். போர்த்துக்கீசியர் கட்டிய டபோலிம் ஓடுதளத்தை 1961 டிசம்பர் 18 அன்று நம் விமானப்படை குண்டு வீசித் தாக்கியது. பிறகு அது சீரமைக்கப்பட்டுக் கடற்படையிடம் வந்தது. 1964இல் ஹன்சாவும் அங்கே குடிபெயர்ந்தது.

விமானம் தரையில் ஓடும்போது போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். ராணுவத் தளத்தில் அது குற்றம். ஜன்னல் மறைப்பை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள். கிழக்கிலிருந்து இறங்கினால் வலப்பக்க இருக்கையில் ஜுவாரி ஆற்றின் முகத்துவாரம் தெரியும். கண்ணால் பார்த்தால் போதும்.

போர் விமானங்களை ஆற அமரப் பார்க்க ஆசையென்றால், பொக்மாலோ சாலையில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சீ ஹாரியர், அலிஸே, பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன் எல்லாம் திறந்தவெளியில் நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.