தமிழ் விசைப்பலகையிலும் ஷார்ட்கட் வேலை செய்ய: ஜாவாஸ்கிரிப்ட் செய்முறை

நீங்கள் எழுதிய வலைச் செயலியில் கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் கடைசியாகச் செய்தது ரத்தாகிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாறி அதே விசைகளை அழுத்திப் பாருங்கள். பல கணினிகளில் எதுவுமே நடக்காது. உலாவியின் சொந்த ஷார்ட்கட்கள் ஒழுங்காக ஓடும், நாம் எழுதியவைதான் படுத்துவிடும்.

படி 1: கண்ணால் பாருங்கள்

விசையை அழுத்தியதும் உலாவி எழுப்பும் கீடவுன் நிகழ்வைப் பிடித்து, அதன் 'கீ', 'கோட்' இரண்டையும் கன்சோலில் அச்சிடுங்கள். தமிழ்99இல் இசட் விசையை அழுத்தினால் 'கீ' என்பதில் ஔ வரும். 'கோட்' மட்டும் எந்த மொழியிலும் 'கீஇசட்' என்றே சொல்லும். முன்னது விசை தரும் எழுத்து, பின்னது அமெரிக்க ஆங்கிலப் பலகையை வைத்துப் பெயரிட்ட இடம். நம் நிரல் 'கீ'யை 'இசட்' எழுத்தோடு ஒப்பிடுகிறது, ஔ வந்தால் பொருந்தாது. ரஷ்யப் பலகையில் இது இன்னும் விஷமம்: சி விசை தரும் எழுத்து பார்வைக்கு ஆங்கில சி மாதிரியே இருக்கும், ஆனால் யூனிகோடில் ஆங்கில சி 0063, அது 0441. கன்சோலை எத்தனை முறை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

படி 2: 'கோட்'டுக்கு மட்டும் தாவாதீர்கள்

சரி, 'கீ'யை விட்டுவிட்டு 'கோட்'டையே பார்த்தால் போதுமே என்று தோன்றும். இணையத்தில் பலர் தரும் பதிலும் அதுதான். ஆனால் ஜெர்மன் பலகையில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். அங்கே ஒருவர் கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் உங்கள் நிரலுக்கு 'கீஒய்' என்று கேட்கும். ரத்து செய்யப் போனவருக்கு மீண்டும் செய்தல் நடக்கும். தமிழருக்கு உதவப் போய் ஜெர்மானியரைக் கெடுத்த கதை.

படி 3: முதலில் எழுத்து, பிறகு இடம்

என் கட்சி இது: 'கீ'யின் முதல் எழுத்தின் யூனிகோடு எண் 127க்குள் (ஆங்கில எழுத்துகளும் அடிப்படைக் குறிகளும் இதற்குள்தான்) இருந்தால் 'கீ'யையே நம்புங்கள். அதற்கு மேல் போனால் மட்டும் 'கோட்'டைப் பாருங்கள். அது 'கீ' என்று தொடங்கினால் கடைசி எழுத்தை எடுத்துச் சிறிய எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். 'கீ' மதிப்பையும் அப்படியே சிறிய எழுத்தாக்குங்கள், கேப்ஸ் லாக் தொல்லை தீரும்.

"ஏ முதல் இசட் வரை இல்லையென்றால் 'கோட்'" என்று சுருக்கி எழுதக்கூடாது. ஆங்கில எழுத்துகளை வேறு வரிசையில் வைத்த டுவொராக் பலகையில், வழக்கமான பலகையின் இசட் இடத்தில் அரைப்புள்ளி இருக்கிறது. கன்ட்ரோல்+அரைப்புள்ளி அழுத்துபவருக்கு ரத்து நடந்துவிடும். அப்புறம், 'கீ'யின் நீளம் 1 என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே விசையில் வரும் க்ஷ, யூனிகோடில் மூன்று குறியீடுகள்.

படி 4: எழுதிக்கொண்டிருப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கலாம். நிகழ்வின் 'இஸ்கம்போசிங்' உண்மை என்றால் உடனே திரும்பிவிடுங்கள்.

சில பலகைகளில் கூடுதல் எழுத்துகளைத் தட்ட உதவும் ஆல்ட்கிராப் விசையையும் கவனியுங்கள். விண்டோஸில் அது சில சமயம் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே தெரியும். போலந்துக்காரர் ஆல்ட்கிராப்+இசட் தட்டித் தன் மொழி எழுத்தைப் போடுகிறார். அந்த எழுத்து 127க்கு மேல், எனவே நம் படி 3 அதைக் கன்ட்ரோல்+இசட் என்று எடுத்துக்கொள்ளும். ஆல்ட் அழுந்தியிருந்தால் கன்ட்ரோல் ஷார்ட்கட் ஓடக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள். கன்ட்ரோல்+ஆல்ட் சேர்ந்த ஷார்ட்கட்களையே வைக்காமலிருப்பது இன்னும் நல்லது. மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், அதாவது 'மெட்டாகீ'.

படி 5: சோதனை

இயங்குதள அமைப்பில் தமிழ்99, ரஷ்யன், ஜெர்மன், டுவொராக், போலிஷ் ஐந்தையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ரத்து செய்து பாருங்கள். ஜெர்மனில் ஆங்கிலப் பலகையின் ஒய் இருக்கும் இடத்தை அழுத்தினால்தான் ரத்தாக வேண்டும். போலிஷில் ஆல்ட்கிராப்+இசட் எழுத்தை மட்டும் போட வேண்டும்.